ஒலிப்பெட்டி: வாசகர் கேள்வி பதில்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 32 ஆண்டுகள் வானொலி, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1986இல் ஈப்போவில் வாங்கிய ஜப்பான் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இன்னும் உழைக்கின்றன. கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாகப் பாட்டுக் கேட்கிறேன். அதற்காக இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு சின்ன ரிசீவரை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் மாட்டியிருக்கிறேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், தீபாவளிக்கு 2,000 வெள்ளியில் (ரிங்கிட்) ஸ்ட்ரீமர் என்ற பெட்டி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்கிறான். அதை மாட்டினால் ஒலித்தரம் வேறு உயரத்துக்குப் போய்விடுமாம். உண்மையா? ஸ்பீக்கர்கள் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அறை 12 அடிக்கு 11 அடி. என் வயது 69. (ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்)

பதில்: ஆசிரியர் ஐயா, வகுப்பில் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னால் காதைத் திருகுவீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். கைப்பேசியில் நீங்கள் பாட்டுக் கேட்பது எதில்? என் வயதை ஒத்தவர்களை கோப்பிக்கடையில் விசாரித்தால் பாதிப் பேருக்கு மேல் யூடியூப் என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் அந்தக் கட்சி என்றால், மகன் பணத்தைக் கட்டுவதற்குள் இன்றிரவே அவரை அழைத்துப் பேசுங்கள். பெரும்பாலான ஸ்ட்ரீமர்களில் யூடியூப் கிடையாது. 2,000 வெள்ளிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழையபடி கைப்பேசியிலிருந்து புளூடூத்திலேயே அதற்குப் பாட்டு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். இரவுச் சந்தை ரிசீவரின் இடத்தில் விலை உயர்ந்த ரிசீவர் ஒன்று உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீமர் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறிய கணினி. வீட்டு இணையத்தில் சேர்ந்துகொண்டு, நீங்கள் சந்தா கட்டியிருக்கும் பாட்டுச் சேவையிலிருந்து தானே நேரடியாகப் பாட்டை இழுக்கும். கைப்பேசி வெறும் ரிமோட் மட்டுமே. பாட்டு எண்களாகத்தான் வரும். அந்த எண்களை டேக் (DAC) என்கிற சில்லு மின் அலையாக மாற்றும். சிவப்பு, வெள்ளைச் சொருகிகள் வழியாக அது உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். சில பெட்டிகளில் டேக் உள்ளேயே இருக்கும், சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

இப்போது தோட்டத்துக் கணக்குக்கு வருவோம். ரப்பர்ப் பால் சீவிக் கொண்டுவந்து எடை போட்டதும் கிராணி (தோட்டக் கணக்கர்) பேரேட்டில் எண்ணை எழுதுவார், நினைவிருக்கிறதா? எழுதிய பிறகு அந்தப் பேரேடு லாரியில் ஆபீசுக்குப் போனாலும் சரி, சைக்கிள் கேரியரில் போனாலும் சரி, 18 கிலோ 18 கிலோதான். குறுந்தட்டில் (சிடி) இருப்பதும் இப்படி எழுதிவைத்த எண்கள்தான். 1980இல் பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் வகுத்த முறைப்படி, ஒரு வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக (0, 1 கொண்ட 16 இலக்கம்) எழுதுகிறார்கள். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 14 லட்சத்துச் சொச்சம் பிட். இந்தப் பேரேட்டை விலை உயர்ந்த ஸ்ட்ரீமர் கொண்டுவந்தாலும் பழைய மடிக்கணினி கொண்டுவந்தாலும் எண் ஒன்றுதான். கூடுவதும் குறைவதும் சம்பளத்தைக் கையில் கொடுக்கும் மேசையில்தான் நடக்கும். அந்த மேசைதான் டேக். அங்கும் இப்போது நிலைமை மாறிவிட்டது. நான் கடை திறந்த 1984இல் நல்ல டேக் என்பது பணக்காரர் சமாச்சாரம். இன்றைக்குக் கைப்பேசியில் சொருகும் விரல் நீள மாற்றி ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கிறது. அளவுமானியில் வைத்துப் பார்த்தால் அதன் குறைகள் நம் காதுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கின்றன.

அப்படியானால் புளூடூத்? அங்கே கிராணி பேரேட்டை அப்படியே அனுப்புவதில்லை, சுருக்கி எழுதித்தான் அனுப்புகிறார். எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்பிசி முறையில், நன்றாக இருக்கும் நேரத்திலேயே வினாடிக்குச் சுமார் 328 கிலோபிட்தான் (மூன்று லட்சத்துச் சொச்சம் பிட்) போகும். யூடியூப் ஏற்கெனவே சுருக்கி வைத்ததை இது மறுபடியும் சுருக்குகிறது. அப்படியும் நன்றாகச் செய்த புளூடூத் கருவியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிதல்ல. உங்களிடம் இருப்பதோ இரவுச் சந்தைச் சரக்கு. பாட்டு ஓடாதபோது ஆம்ப்ளிஃபயரைத் திருகி ஸ்பீக்கர் அருகே காதை வைத்துப் பாருங்கள். சுர்ரென்று இரைச்சலும், கைப்பேசி தேடும்போது டிக்டிக் என்று ஓர் ஓசையும் வந்தால், குற்றவாளி அந்த ரிசீவர்தான். அதை மாற்றுவதில் உங்களுக்குக் கட்டாயம் லாபம் உண்டு. ஆனால் அந்த லாபத்தைப் பெற 2,000 வெள்ளி தேவையில்லை.

இதையெல்லாம் ஏதோ ஞானியைப் போலச் சொல்லவில்லை. நானும் ஏமாந்தவன்தான். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஈப்போவில் ஒரு கடையில் ஸ்ட்ரீமர் ஒன்றைக் கேட்டுச் சொக்கிப்போய், ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைத்து வாங்கி வந்தேன். முதல் இரவு வீணையின் தந்தி மீட்டுமிடம் தெரிகிறது, பாடகர் மூச்சிழுப்பது கேட்கிறது என்று மனைவியை எழுப்பி உட்காரவைத்துக் காட்டினேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, “பழையதைவிட இது கொஞ்சம் சத்தமாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. நாற்பது வருடம் மீட்டர் பிடித்தவன் நான். மறுநாள் 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 100 அதிர்வு) ஒலிக்கோப்பு ஒன்றைப் பழைய குறுந்தட்டுக் கருவியிலும் ஸ்ட்ரீமரிலும் மாறிமாறி ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தேன். (1,000 ஹெர்ட்ஸில் வைக்காதீர்கள். மலிவு மீட்டர்கள் அங்கே சரியாகக் காட்டாது.) ஒன்றில் 1.00 வோல்ட், இன்னொன்றில் 1.14. கணக்கில் அது ஒரு டெசிபலுக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய ஏற்றத்தை நம்மில் பெரும்பாலோர் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று உணர்வதில்லை. ‘தெளிவு கூடிவிட்டது’ என்றுதான் உணர்வோம். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். என் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்தினேன். பேரன் பின்னால் நின்று எதை ஓடவிடுகிறான் என்று சொல்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தான். 20 தடவையில் 11 தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். பேரன் மட்டும் ஆளுக்கு ஒரு ஐஸ் என்று பேரம் பேசி, தங்கைக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டான்.

நான் மட்டும் தோற்றேன் என்றால் கிழவன் காது என்று தள்ளிவிடலாம். 2007இல் அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்க ஆய்விதழில் இரண்டு பேர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குறுந்தட்டைவிட உயர்ந்த தரத்தில் பதிவான இசையை அப்படியே ஒரு முறையும், குறுந்தட்டுத் தரத்துக்கு இறக்கி மறுமுறையும் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. மொத்தம் 554 முயற்சிகள், சரியாகச் சொன்னவை 276. பேரேடு குறுந்தட்டுத் தரத்தில் சிதையாமல் வந்து சேர்ந்தால் அதற்குமேல் எண்ணைக் கூட்டுவதில் காதுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள். 69 வயதில் உங்கள் காதும் 71 வயதில் என் காதும் 12,000 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே பெரிய காரியம். பெட்டியின் முகப்பில் 192 (வினாடிக்கு 1,92,000 தடவை அளப்பது) என்று எழுதியிருப்பது பேரப்பிள்ளைகளுக்கே கேட்காது.

இனி அந்தக் கண்ணாடி அலமாரி. உங்கள் கடிதத்தில் என்னை அதிரவைத்தது ஸ்ட்ரீமர் அல்ல, அந்த ஒரு வரிதான். ஐயா, ஸ்பீக்கரை அலமாரிக்குள் வைப்பது மிருதங்கத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து வாசிப்பது மாதிரி. தட்டும் கண்ணாடியும் கூடச் சேர்ந்து அதிரும், கீழ்ச்சுரம் எல்லாம் ஒரே கும்மென்று வரும். வெளியே எடுங்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு முக்காலி அல்லது இரண்டு சிமெண்டுக் கல். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, இரண்டுக்கும் நடுவே ஆறேழு அடி விட்டு, நீங்கள் உட்காரும் நாற்காலியைச் சற்றே பார்த்தபடி வையுங்கள். உங்கள் 12 அடி அறையில் சுமார் 48 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி ஊஞ்சலாடும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நாற்காலி பின்சுவரோடு ஒட்டியிருந்தால் அந்த ஊஞ்சலின் உச்சியில் உங்கள் தலை இருக்கும். இரண்டடி முன்னால் நகர்த்திப் பாருங்கள். தரை மொசைக் என்றால் முன்னால் ஒரு பாயை விரியுங்கள். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. வீட்டு அம்மாவிடம் அனுமதி வாங்குவதுதான் கடினம்.

அடுத்து, முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பரோ துணியோ என்றால் தப்பித்தீர்கள். பஞ்சு போன்ற ஃபோம் என்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் 1986 சரக்கு இந்நேரம் முறுக்கு மாதிரி நொறுங்கும். வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, பொறுமையுள்ள ஆள் ஒட்டித் தருவார். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. தொடர்புமுனைத் தெளிப்பான் (கான்டாக்ட் கிளீனர்) ஒரு பீய்ச்சுப் போதும். அப்படியே ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்து பல்லி செத்துக் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நான் எடுத்த பல்லிகளுக்குக் கணக்கே இல்லை. காய்ந்துபோன பல்லி இரண்டு கம்பிகளுக்கு நடுவே கிடந்து ஃபியூஸைப் போக்கிய செட்டுகளை ‘ஐசி போய்விட்டது’ என்று சொல்லி இருநூறு வெள்ளி வாங்கிய ஆட்களும் நம் தொழிலில் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் ஸ்ட்ரீமர் வேண்டுமா? வேண்டும் என்றால் வாங்குங்கள், வசதிக்காக. பாட்டின் நடுவே மைத்துனர் அழைத்தால் வீடு முழுக்க மணி அடிக்காது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாலும் பாட்டு நிற்காது. கச்சேரிப் பதிவில் ராகம் முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் இடைவெளி விழாது. சில ஸ்ட்ரீமர்களில் கைப்பேசியின் ஒலிவாங்கியால் அறையை அளந்து, நான் மேலே சொன்ன அந்த 48 ஹெர்ட்ஸ் கும்மலைக் குறைக்கும் வசதியும் வந்துவிட்டது. ஒலியை உண்மையிலேயே மாற்றக்கூடியது அதுதான். சில நூறு வெள்ளிப் பெட்டிகளிலேயே இது கிடைக்கிறது. 2,000 வெள்ளிக்குக் கிடைக்கும் கூடுதல் பெரும்பாலும் அலுமினிய முகப்பும் கனமும்.

சந்தா விஷயத்தையும் மகனிடம் கேளுங்கள். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து சுருக்காத தரத்தைக் கூடுதல் கட்டணமில்லாமல் தருகிறது. ஆனால் பல ஸ்ட்ரீமர்களில் அது நேரடியாக இருக்காது. ஏர்பிளே என்ற ஆப்பிளின் கம்பியில்லா முறை வழியாக ஐஃபோனிலிருந்துதான் அனுப்ப வேண்டியிருக்கும். ஸ்பாட்டிஃபை நெடுநாள் 320 கிலோபிட்டில் நின்றுவிட்டு, 2025 செப்டம்பரில்தான் சுருக்காத தரத்தை அறிவித்தது. உங்களிடம் இருக்கும் கைப்பேசி, நீங்கள் கட்டும் சந்தா, அந்தப் பெட்டி இவை மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே வாங்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் மகன் ஒரு வாரம் விடுப்பு எடுத்து ஊருக்கு வரட்டும். ஸ்பீக்கரைத் தூக்க ஆள் வேண்டுமல்லவா.

கேள்வி: அண்ணே, ஸ்ட்ரீமருக்கென்றே செய்த லான் கேபிள் (ரௌட்டரோடு இணைக்கும் கம்பி) ஒரு மீட்டர் 380 வெள்ளி என்று விளம்பரம் பார்த்தேன். அதைப் போட்டால் பேஸ் (கீழ்ச்சுரம்) இறுக்கமாகுமாம். வாங்கலாமா? (இளைஞர், கோலகங்சார்)

பதில்: வேண்டாம், தம்பி. பாட்டு அந்தக் கம்பியில் ஓடை மாதிரி ஓடி வருவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலமாக வருகிறது. ஒவ்வொன்றும் சரிபார்க்கப்படும். ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி, முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் டேக்குக்குக் கொடுக்கும். கம்பி மோசம் என்றால் பாட்டு நிற்கும், அல்லது விட்டுவிட்டு வரும். பேஸ் மட்டும் தனியாகக் கழன்று விழ வழியே இல்லை. சாதாரண கேட் 5இ கம்பி 100 மீட்டருக்கு வினாடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகும். உங்கள் பாட்டுக்கு அதில் எழுநூறில் ஒரு பங்குகூட வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் கணவர் இருந்தவரை ஒலிநாடாக்களும் இசைத்தட்டுகளுமாகச் சேர்த்து வைத்தார். அவர் போன பிறகு எல்லாம் பெட்டியில் கிடக்கின்றன. அவர் விரும்பிக் கேட்ட பழைய திரைப்பாடல்களை இப்போது கைப்பேசியில் போட்டால் குடத்துக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கிறது. மகள் அதிகச் சந்தா கட்டி உயர்தரத்தில் கேட்கலாம் என்கிறாள். சரியாகிவிடுமா? (வாசகி, லிந்தாங்)

பதில்: ஆகாது, அம்மா. உங்கள் காதில் குறை இல்லை. நீங்கள் கேட்பது உண்மையான வித்தியாசம்.

1970களின் பிற்பகுதிவரை நம் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவானவை. பிற்காலத்தில் அவற்றைக் கணினிக்கு மாற்றியவர்களில் சிலருக்கு மூல நாடா கிடைத்தது. பலருக்குத் தேய்ந்த இசைத்தட்டோ, நாலாவது கை ஒலிநாடாவோதான் கிடைத்தது. அதில் இரைச்சலை நீக்குகிறேன் என்று மேல்சுரத்தையும் சேர்த்து வழித்தெடுத்தார்கள். அது போதாதென்று ஸ்டீரியோ ஆக்குகிறேன் என்று எதிரொலியைக் கலந்தார்கள். அந்த எதிரொலிதான் உங்கள் குடம். உயர்தரச் சந்தா கட்டினால் அந்தக் குடம் ஒரு கீறல்கூட இல்லாமல் பத்திரமாக வந்து சேரும்.

இரண்டு காரியம் செய்யலாம். ஒரே பாட்டு வேறுவேறு தொகுப்புகளில் நாலைந்து தடவை இருக்கும். ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள், ஒன்று மற்றதைவிட இயல்பாக இருக்கும். குரல் முன்னால் நிற்பதைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியில் மோனோ என்று ஒரு தெரிவு இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். சில பாடல்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது, அந்தப் பெட்டி. திறந்தவுடன் ஆசையாக எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் இருந்தால் அது பூஞ்சை. ஓடவிட்டால் கருவியின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். நல்லதாகத் தெரிவதை முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றவிடுங்கள். வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். கருவியின் தலையை ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். நாடாவுக்கு நாடா கோணம் கொஞ்சம் மாறும். பாட்டு ஓடும்போதே அந்தத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், ஓரிடத்தில் ‘ச’, ‘ஷ’ எழுத்துகள் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். இந்த ஒரு வேலையைத் தெரியாமல் ‘ஒலிநாடா என்றாலே மங்கல்தான்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கணினியோடு சேர்த்துப் பதிவு செய்வதை மகள் செய்துவிடுவாள். ஃபிளாக் வடிவில் சேமிக்கச் சொல்லுங்கள், அது எதையும் இழக்காமல் சுருக்கும் முறை. ஒரு மணி நேரக் குறுந்தட்டுத் தரப் பதிவு சுருக்காமல் 635 மெகாபைட். ஃபிளாக்கில் ஏறக்குறைய அதில் பாதிக்குச் சற்று மேலே வரும். 64 ஜிபி யுஎஸ்பி குச்சி ஒன்றில் நூறு மணி நேரத்துக்கு மேலேயே அடங்கும். குச்சி செருகும் துளையுள்ள ஸ்ட்ரீமர் உங்கள் வீட்டுக்கு வந்தால் அதை நான் குறை சொல்லமாட்டேன். சந்தா, இணையம் எதுவும் இல்லாமல் உங்கள் கணவர் சேர்த்த பாட்டு அவர் சேர்த்த மாதிரியே பாடும். நாடா உறைகளில் அவர் கையால் பாட்டுப் பெயர்கள் எழுதியிருந்தால் அவற்றையும் படமெடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.

கேள்வி: போன மாதம் இடி விழுந்து ரௌட்டர், ஸ்ட்ரீமர் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விட்டன. எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி மேட்டில் இருக்கிறது. இணையம் ஃபைபர் கம்பிதான், அதில் மின்னல் வராது என்று சொன்னார்களே? (வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரம்)

பதில்: ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது என்பது உண்மைதான். ஆனால் ரௌட்டர் சுவரில் மின்சாரத்துக்குச் சொருகியிருக்கிறதே. அந்த வழியாக வந்து, ரௌட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்குப் போகும் லான் கம்பியில் ஏறியிருக்கும். எனக்கும் இப்படி ஒரு நாள் நடந்தது. முன்னறையில் ரௌட்டர், பின்னறையில் என் பட்டறை. நடுவே நாற்பது அடிக் கம்பியை நானே பெருமையாக இழுத்திருந்தேன். ஒரு சாயங்கால இடியில் ஸ்ட்ரீமரும், அதோடு சேர்த்திருந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், பழுதுபார்க்க வந்திருந்த இன்னொருவர் ஆம்ப்ளிஃபயரும் போயின. மற்றவர் செட்டுக்கு நான்தான் தண்டம் கட்டினேன்.

இப்போது ஸ்ட்ரீமரை வைஃபையில்தான் வைத்திருக்கிறேன். பாட்டுக்கு அதுவே தாராளம். ஸ்ட்ரீமருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அல்லது டேக்குக்கும் ஆப்டிகல் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒளி மட்டுமே போவதால் மின்தொடர்பு அறுந்துவிடும். கம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும் வீடுகளில் அதற்கும் இதுவே மருந்து. மின்னல் தடுப்புச் சொருகுப்பலகை வாங்கினால் அது ஆயுளுக்கும் வரும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வோர் அடியையும் வாங்கிக்கொண்டு உள்ளே தேய்ந்துபோகும். அதோடு வீட்டின் எர்த் சரியாக இல்லாவிட்டால் அந்தப் பலகைக்கும் அலங்காரப் பொருளுக்கும் வித்தியாசமில்லை. பழைய தோட்ட வீடுகளைப் பெரிதாக்கிக் கட்டியவர்கள் இதை உரிமம் உள்ள வயர்மேனை வைத்துக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். இடி இடித்தால் ஈஎல்சிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) விழுகிறது என்று அதைக் கழற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பாட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, உயிரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி, மூன்று மணிக்கு மேகம் கறுத்தால் சொருகியைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பாட்டே கேட்பதில்லை. 24 பிட் ஸ்ட்ரீமர் வாங்கினால் மெல்லிய ஒலிகூடத் தெளிவாகக் கேட்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கவா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: 16 பிட்டிலேயே மிகப் பெரிய ஒலிக்கும் மிகச் சிறிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடமிருக்கிறது. நடுராத்திரியில் மின்விசிறி ஓடும் அறையிலேயே அதில் பாதியைக்கூட உங்களால் பயன்படுத்த முடியாது. தகரத்தின் மேல் மழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கடைக்காரர் விற்கும் அந்தக் கூடுதல் எட்டுப் பிட்டும் தகரத்துக்கு அடியில் நின்று நனைந்துகொண்டிருக்கும். அந்தப் பணத்தில் உட்கூரை அடித்து, இடையில் கண்ணாடிப் பஞ்சு விரியுங்கள். வெயிலுக்கும் ஆகும்.

அதுவரை மழை நாளில் நாதஸ்வரம், தவில் போடுங்கள், தாக்குப்பிடிக்கும். இடியும் சேர்ந்துகொண்டால் முந்தைய பதிலைப் பாருங்கள்.